தங்கவயல்: தட்டி வீட்டுக்காரர்களின் வரலாறு

கோலார் தங்கவயலின் வரலாறு என்று எழுதி வைத்திருப்பதெல்லாம் துரைமார்களின் வரலாறுதான். லாவெல் என்ற அயர்லாந்துக்காரர் 1870களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கினார். 1880இல் லண்டன் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. எல்லாம் சரி. பூமிக்குள்ளே போய் வெட்டினது யார்? அந்த இடத்தில் 'கூலிகள்' என்று ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கூலிகள் நம்ம சனங்க. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து போனவர்கள். பஞ்சம் விரட்டியது என்பார்கள். பஞ்சம் உண்மைதான். ஆனால் பஞ்சம் தீர்ந்த பிறகும் ஏன் யாரும் ஊர் திரும்பவில்லை? தங்கவயல் பெரியவர்களிடம் நான் இதைக் கேட்டிருக்கிறேன். ஒரு பாட்டி சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஊர்ல ஆண்டைக்கு முன்னால துண்ட இடுப்புல கட்டணும். இங்க தலையில கட்டிக்கிட்டு கூலி வாங்கலாம்பா. எவன் திரும்பிப் போவான்?" பொருளாதாரக் காரணம் பேசுகிற நம் தோழர்கள் இந்தத் துண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அதற்காகக் கம்பெனிக்காரனை சமத்துவவாதி ஆக்கிவிட வேண்டாம். ஐரோப்பியருக்குப் பங்களா, கிளப். நமக்கு மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை லைன். ஊரை விட்டு வந்தாலும் சேரி கூடவே வந்துவிட்டது. தங்கம் கலந்த கல் கையில் இருந்தாலே குற்றம் என்று கம்பெனிக்கு வசதியாக மைசூர் அரசு சட்டம் போட்டுக் கொடுத்தது. மூவாயிரம் மீட்டருக்கும் கீழே, பாறையே கொதிக்கிற ஆழத்தில், எப்போது பாறை வெடித்து மேலே விழும் என்று தெரியாத வேலை. விபத்தில் சாகாதவனைத் தூசி கொன்றது. 1940களில் ஆயிரக்கணக்கான தொழிலாளரைப் பரிசோதித்த டாக்டர்கள், நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் சிலிக்கோசிஸ் இருப்பதாகக் கண்டார்கள். எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அதோடு இந்தக் கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

இதற்குள்ளிருந்துதான் படிப்பும் எழுந்தது. எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்துக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் சங்கம் அமைத்தவர்கள் சுரங்கத்துக்காரர்கள். 1914இல் பண்டிதர் மறைந்து, சில காலத்தில் 'தமிழன்' பத்திரிகையும் நின்றுபோனது. 1926இல் அதை மறுபடி நடத்தியவர் அப்பாதுரையார், தங்கவயலிலிருந்துதான். பண்டிதரின் எழுத்துகளைச் சித்தார்த்தா புத்தகசாலை நூல்களாகப் போட்டதால்தான் அவை நம் கைக்கு மிஞ்சின. சென்னையின் பல்கலைக்கழகங்கள் அவர் பெயரைக்கூட மறந்து கிடந்த காலத்தில், ஷிப்ட் முடித்து வந்த மனிதர்கள் காசு போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

1930இல் கம்பெனி எல்லாத் தொழிலாளருடைய கைரேகையையும் பதிவு செய்யப் பார்த்தது. குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்டவர்களிடம் எடுக்கிற ரேகை. "நாங்க என்ன திருடனுங்களா?" என்று சனம் மொத்தமும் வேலையை விட்டு நின்றது. 21 நாள். கூலி உயர்வைவிட மானப் பிரச்சினைக்காக அவ்வளவு பேர் பட்டினி கிடந்த போராட்டம் அது. தென்னிந்தியத் தொழிற்சங்க வரலாறு எழுதுகிறவர்கள் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள்.

1956இல் சுரங்கம் மைசூர் அரசிடம் வந்தது, பிறகு மத்திய அரசிடம் போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு மூடினார்கள். மூடியதும் சயனைடு மண்மேடுகள் அங்கேயே நின்றன; காற்றடித்தால் லைன் வீடுகளுக்குள் தூசி வந்தது. பிள்ளைகள் விடியுமுன்னே மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூருக்குக் கூலிக்குப் போனார்கள். லைன்களின் பொதுக் கக்கூசுகளை மட்டும் கையால் அள்ளுகிற வேலை நிற்கவில்லை. 2011இல் அதே தங்கவயலில் மலக்குழிக்குள் இறங்கிய நம்மவர்கள் மூன்று பேர் செத்தார்கள்.