ராக் இசை: அடி யாருடையது, பட்டா யாருடையது?

1989-ல் நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் ஒரு பையன் வாக்மேன் வைத்திருந்தான். எல்விஸ் பிரெஸ்லி கேசட் போட்டுக் காலால் தாளம் தட்டிக்கொண்டிருப்பான். ஒருநாள் நானும் ஆசைப்பட்டுக் கேட்டேன்: "கொஞ்சம் குடுப்பா, ஒரு பாட்டு கேட்டுட்டுத் தர்றேன்." அவன் சொன்னான்: "ஒனக்கு எதுக்குடா ராக்கு? ஒங்கப்பன் சாவுக்கு அடிக்கிறானே, அதக் கேட்டாப் போதாதா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அவன் சொன்னதைக்கூட மறந்துவிடலாம். நான் சிரித்ததை இன்றுவரை மறக்க முடியவில்லை.

என் அப்பா பறையடிப்பவர்தான். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டு போவார். விடிய விடிய அடிப்பார். கூலியைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தரையில் போடுவார்கள். பறையடிக்கிறவன் மகன் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காகவே நான் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பல வருடம் கழித்து அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கியபோதுதான், அந்தப் பையன் கேலியாகச் சொன்னதில் அவனுக்கே தெரியாத ஒரு உண்மை இருந்தது புரிந்தது. அவன் காதில் மாட்டியிருந்த அந்த இசையும் ஒரு சேரியிலிருந்து வந்ததுதான். அடித்தவர்களின் பெயரை அழித்துவிட்டு அவன் காதுக்கு வந்திருந்தது, அவ்வளவுதான்.

ராக் இசையின் வரலாற்றை 1954-ல், மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டுடியோவில் எல்விஸ் பாடியதிலிருந்து தொடங்குவது பலருக்கு வழக்கம். நான் 1739-லிருந்து தொடங்குகிறேன்.

அந்த வருடம் செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை. தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் ஒரு கடையை உடைத்துத் துப்பாக்கிகளை எடுத்தார்கள். கொடி பிடித்து, மேளம் அடித்துக்கொண்டு தெற்கே புளோரிடாவை நோக்கி நடந்தார்கள். அன்று ஸ்பெயினின் வசமிருந்த அந்த மண்ணில் அவர்களுக்கு விடுதலை கிடைக்கும் என்ற செய்தி பரவியிருந்தது. மேளச் சத்தம் கேட்டு வழியில் மேலும் பலர் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கலகம் ரத்தத்தில் அடக்கப்பட்டது. அடுத்த வருடம், 1740-ல், ஆண்டைகள் ஒரு சட்டம் போட்டார்கள். அடிமைகள் மேளம், கொம்பு முதலான உரத்த வாத்தியங்களை வைத்திருக்கக்கூடாது. அதே சட்டத்தில் இன்னொன்று: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பதும் குற்றம்.

இந்த இரண்டு தடைகளையும் நாம் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரு கையால் மேளத்தைப் பிடுங்கினார்கள், இன்னொரு கையால் எழுத்தை மறுத்தார்கள். இருநூறு ஆண்டுகள் கழித்து ராக் இசையின் பணம் யாரிடம் போனது என்பதற்கான விடை இங்கேயே இருக்கிறது.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதைச் சொன்னேன். மேளத்தைப் பிடுங்கிவிட்டால் என்னப்பா செய்வார்கள் என்று கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்லை. "தோலப் புடுங்குனா தொட இல்லியாடா? அதுல தட்ட வேண்டியதுதான்" என்றார்.

நடந்தது அதேதான். அவர்கள் தொடையிலும் நெஞ்சிலும் தட்டினார்கள். கையைக் கொட்டினார்கள். வழிபாட்டில் வட்டமாகச் சுற்றி வந்து தரையைக் காலால் மிதித்தார்கள். மேளம் உடம்புக்குள் போய்விட்டது. தலைமுறை தலைமுறையாக அந்த உடம்பிலிருந்துதான் வயல் பாட்டு, தேவாலயப் பாட்டு, புளூஸ் எல்லாம் வந்தன.

1863-ல் விடுதலைப் பிரகடனம், 1865-ல் அடிமைமுறை ஒழிப்பு. ஆனால் நிலம் கிடைக்கவில்லை. மிசிசிப்பிப் பருத்திக் காட்டில் வாரக் குத்தகை என்ற பெயரில் கடனில் கட்டிப்போட்டார்கள். அந்தக் கடனின் அழுகையும் அந்த அழுகைக்குள்ளிருந்த நக்கலும்தான் புளூஸ். 1920-ல் மாமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண் பாடிய புளூஸ் ரெக்கார்டு ஏராளமாக விற்றது. கறுப்பர்களும் காசு கொடுத்து ரெக்கார்டு வாங்குவார்கள் என்பதைக் கம்பெனிகள் அப்போதுதான் கண்டுகொண்டன. உடனே அவர்களுக்குத் தனிப் பட்டியல் போட்டு 'ரேஸ் ரெக்கார்டு' என்று பெயர் வைத்தன. பாட்டுக்குள்ளும் ஊர், சேரி பிரித்தாயிற்று. 1949-ல்தான் 'பில்போர்டு' பத்திரிகை அந்தப் பெயரை மாற்றி 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று போட்டது. பெயர் மாறியது, வேலி மாறவில்லை.

1943-ல் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பிப் பண்ணையை விட்டு சிகாகோவுக்கு ரயிலேறினார். நகரத்து இரைச்சலில் சாதாரண கிடார் எடுபடவில்லை. மின்சார கிடாரை எடுத்தார். 1950-ல் அவர் பதிவுசெய்த ஒரு பாட்டின் பெயரைத்தான் பிற்பாடு லண்டனில் சில வெள்ளை இளைஞர்கள் தங்கள் குழுவுக்கு வைத்துக்கொண்டார்கள். 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று உலகமே அறிந்த பெயர் அது.

பெண்களைப் பற்றி இந்த வரலாறு இன்னும் குறைவாகவே பேசுகிறது. 1915-ல் அர்கன்சாஸ் மாநிலத்தில் பிறந்த சிஸ்டர் ரொசெட்டா தார்ப், தேவாலயப் பாட்டை மின்சார கிடாரில் அதிர அதிர வாசித்தவர். 1944-ல் அவர் பதிவுசெய்த ஒரு பாட்டை முதல் ராக் பாட்டுகளில் ஒன்று என்று சொல்பவர்கள் உண்டு. கடவுள் பாட்டைக் களியாட்டத்தில் பாடுகிறாள் என்று தேவாலயக்காரர்களே அவரைத் திட்டினார்கள். 1973-ல் இறந்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அவர் கல்லறையில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. ராக் இசைக்கான மரியாதை மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தது 2018-ல்.

அடுத்தவர் பிக் மாமா தார்ன்டன். 1952-ல் 'ஹவுண்ட் டாக்' பாட்டைப் பதிவுசெய்தார். ஏமாற்றும் ஆணை வாசலில் நிறுத்தித் துரத்துகிற பெண்ணின் பாட்டு அது. 1953-ல் கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலை என்று அவர் சொன்னார். 1956-ல் எல்விஸ் அதே பாட்டை வார்த்தை மாற்றிப் பாடினார்; பல லட்சம் பிரதிகள் விற்றது. தார்ன்டன் 1984-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு வாடகை விடுதியில் 57 வயதில் இறந்தார். அவருக்கு அந்த மன்றத்தில் இடம் கிடைத்தது 2024-ல்.

இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தப் பாட்டை எழுதியவர் தார்ன்டன் அல்ல. லீபர், ஸ்டோலர் என்ற இரண்டு வெள்ளை யூத இளைஞர்கள் எழுதினார்கள். ஆகவே சட்டப்படி யாரும் அவரிடம் திருடவில்லை என்று வாதாடலாம். என் கேள்வியே அந்தச் சட்டத்தைப் பற்றியதுதான். பாட்டு என்று சட்டம் எதைச் சொன்னது? எழுதிய சொல்லையும் மெட்டையும். அந்த உறுமலை, அந்தப் பெண் பாட்டை இழுத்து நிறுத்தி அறைந்த விதத்தை, சட்டம் சொத்தாகக் கருதவில்லை. ஒலிப்பதிவுக்கே அமெரிக்கக் கூட்டரசுச் சட்டத்தில் பாதுகாப்பு வந்தது 1972-ல்தான்.

போ டிட்லி கதை இன்னும் பச்சையானது. 1955-ல் தன் பெயரிலேயே ஒரு பாட்டு போட்டார். அதிலிருந்த தனித்த அடியை ஆப்பிரிக்க வேர் கொண்டது என்பார்கள். பட்டி ஹாலி முதல் ரோலிங் ஸ்டோன்ஸ் வரை அந்த அடியை எடுத்து வாசித்தார்கள். டிட்லிக்கு ஒரு காசு வரவில்லை. ஏனென்றால் மெட்டுக்குப் பட்டா உண்டு, அடிக்குப் பட்டா கிடையாது. எழுத்தைத் தடைசெய்து வைத்திருந்த மக்களிடம் இருந்தது அடிதான். எழுத்துக்கு மட்டும் உரிமை என்று சட்டம் சொன்னால் சொத்து யார் வீட்டுக்குப் போகும்?

எழுதியவர்களுக்காவது கிடைத்ததா? ஆர்தர் க்ரூடப் 1946-ல் எழுதிப் பதிவுசெய்த பாட்டுதான் 1954 ஜூலையில் எல்விஸ் பாடிய முதல் வெற்றிப் பாட்டு. க்ரூடப் விவசாயக் கூலியாகவே காலம் தள்ளினார். கடைசிக் காலத்தில் 60,000 டாலர் தருவதாகப் பேசி முடித்தார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் கம்பெனி பின்வாங்கியது. 1974-ல் இறந்துபோனார். சக் பெர்ரி 1955-ல் எழுதிய 'மேபலின்' வெளிவந்தபோது, அதை எழுதியவர்கள் என்று இன்னும் இரண்டு பேர் பெயரும் இருந்தது. ஒருவர் ஆலன் ஃப்ரீட், ராக் அண்ட் ரோல் என்ற பெயரை வானொலியில் பரப்பியவர் என்று புகழப்படுகிறவர். பாட்டை ஒலிபரப்ப அதுதான் விலை. பெர்ரி தன் பாட்டை முழுசாகத் தன் பெயருக்கு மீட்க 1986 வரை ஆனது.

அதே சக் பெர்ரி 1958-ல் வெளியிட்ட 'ஜானி பி. குட்' ஒரு ஏழைக் கிடார்ப் பையனின் கதை. முதலில் அவனைக் கறுப்புப் பையன் என்றே எழுதியதாகவும், வானொலியில் போட மாட்டார்கள் என்று கிராமத்துப் பையன் என மாற்றியதாகவும் அவர் சொன்னார். 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் வைத்து அனுப்பிய தங்கத் தட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது. விண்மீன்களுக்கு இடையிலான வெளிவரை போன பையனால் தன் நிறத்தைச் சொல்லிக்கொண்டு போக முடியவில்லை.

எல்விஸ்மீது எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. இது கறுப்பர்கள் நெடுங்காலமாக வாசித்துவந்த இசை என்று 1956-லேயே அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய நன்றியறிதலை நான் குறை சொல்லவில்லை. யார் பாடினால் காசு, யார் பாடினால் 'ரேஸ் ரெக்கார்டு' என்று பிரித்து வைத்திருந்த அமைப்பைத்தான் கேட்கிறேன்.

இந்த இசை வேலிகளை உடைக்கவில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். உடைத்தது. தெற்கு மாநிலங்களில் கச்சேரிக் கூடத்தின் நடுவே கயிறு கட்டி வெள்ளையரையும் கறுப்பரையும் பிரித்து நிறுத்தினார்கள். ஆட்டம் சூடேறியபோது பிள்ளைகள் கயிற்றைத் தாண்டினார்கள். அதனால்தான் இனவெறியர்களுக்கு அத்தனை பயம். 1956-ல் அலபாமா வெள்ளையர் அமைப்பு ஒன்று ராக் அண்ட் ரோலுக்கு எதிராகப் பிரச்சாரம் நடத்தியது. அந்த ஏப்ரலில் பர்மிங்காம் நகர மேடையில் பாடிக்கொண்டிருந்த நாட் கிங் கோலை வெள்ளையர்கள் ஏறித் தாக்கினார்கள். அவர் ராக் பாடகர்கூட அல்ல, மென்மையான பாட்டுக்காரர். கறுப்பு உடம்பு மேடையில் நின்றதே போதுமானதாக இருந்தது.

ஆனால் இசையை ரசித்துவிட்டால் மனசும் மாறிவிடும் என்று நம்புவது ஏமாளித்தனம். புளூஸை வாசித்தே பெரியவரானவர் எரிக் கிளாப்டன். 1974-ல் பாப் மார்லியின் பாட்டைப் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தார். அவரே 1976 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் மேடையில் வந்தேறிகள் வெளியேற வேண்டும் என்று, ஈனாக் பாவலின் இனவாத அரசியலுக்கு ஆதரவாகப் பேசினார். பாட்டு வேண்டும், பாடியவன் வேண்டாம். அதைக் கேட்டுக் கொதித்தவர்கள் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்திலிருந்து 'இனவெறிக்கு எதிராக ராக்' என்ற இயக்கம் பிறந்தது. 1978 ஏப்ரல் 30-ல் லண்டன் விக்டோரியா பூங்காவில் பல்லாயிரம் பேரைத் திரட்டியது.

கறுப்பினக் கலைஞர்களும் சும்மா இருக்கவில்லை. 1985-ல் வில்லி டிக்சன், தன் வரிகளை 1969-ல் எடுத்தாண்ட லெட் செப்பலின் குழுமீது வழக்குப் போட்டார். 1987-ல் அவர்கள் சமரசத்துக்கு வந்தார்கள். மற்ற புளூஸ் கலைஞர்களின் உரிமையை மீட்க ஒரு அறக்கட்டளையும் அமைத்தார். அதே 1985-ல் நியூயார்க்கில் 'பிளாக் ராக் கோயலிஷன்' தொடங்கப்பட்டது. ராக் வாசிக்கிற கறுப்பனை, இது உன் இசை இல்லையே என்று கம்பெனிகள் கேட்கிற நிலை வந்திருந்தது. தன் வீட்டுக்குள் நுழைய அனுமதி கேட்க வேண்டிய கேவலம் அது.

கல்லூரியில் எனக்குக் கிடைத்த பதிலும் அதுதானே?

பம்பாயில் 1972-ல் நம் தோழர்கள் அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளைப் பார்த்துத்தான் 'தலித் பேந்தர்' என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்பே, 1946-ல், அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். அரசியலில் அவர்களிடம் கற்றோம். இசையில் அவர்கள் பட்ட பாட்டிலிருந்தும் கற்க வேண்டியிருக்கிறது. 'பறையா' என்று ஆங்கில அகராதியில் ஒதுக்கப்பட்டவனைக் குறிக்கிற சொல், பறையடித்தவர்களின் பெயரிலிருந்து போனதுதான். ஒரு வாத்தியத்தை வசவாக்கிய உலகம் இது.

எங்கள் சேரியில் இளைஞர்கள் கூடி, இனி சாவுக்கு அடிக்கப் போவதில்லை என்று முடிவெடுத்தபோது அப்பாவும் பறையை மாட்டிவிட்டார். அது சரியான முடிவு. தரையில் போட்ட காசை எடுக்கக் குனிய மாட்டோம் என்ற முடிவு. பிறகு அதே பறை விடுதலைக் கலையாக மேடைக்கு வந்தது. அதுவும் சரியே. இன்று கல்லூரி விழாவிலும் சினிமாவிலும் பறை ஒலிக்கிறது. கைதட்டுகிறார்கள். எனக்கு அப்போதெல்லாம் பிக் மாமா தார்ன்டனின் 500 டாலர் நினைவுக்கு வருகிறது. அடித்தவர் பெயர் அட்டையில் இருக்கிறதா? கூலி கையில் கொடுக்கப்பட்டதா? ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோமா?

அப்பா இப்போது இல்லை. அவருக்குத் தெரிந்த அடிகளில் பாதிக்கு எனக்குப் பெயர்கூடத் தெரியாது. வெட்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் கேட்காமல் விட்டுவிட்டேன். உங்கள் தெருவில் அடித்த கிழவர்கள் இன்னும் இருந்தால், இன்றைக்கே போய் உட்காருங்கள். அடியைக் கேளுங்கள், அதன் பெயரைக் கேளுங்கள், அடித்தவர் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள். எழுத்து இப்போது நம் கையிலும் இருக்கிறது.