மலைகள் அடைக்கலம் தந்த காலம்

  

அண்மைக் காலமாக எமது இளைஞர்களின் கைத்தொலைபேசிகளில் ஒரு மலை நகரத்தின் படங்கள் அடிக்கடி தென்படுகின்றன. சுவர் நீலம், கதவு நீலம், ஏறிச் செல்லும் படிக்கட்டும் நீலம். மொரோக்கோ நாட்டின் வடபகுதியில் ரீஃப் மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ள ஷஃப்ஷாவன் என்னும் ஊர் அது. ஊருக்கு மேலே கொம்புகளைப் போல் இரண்டு முகடுகள் எழுந்து நிற்கின்றன. கொம்புகள் என்று பொருள்படும் பர்பர் மொழிச் சொல்லிலிருந்தே அதன் பெயர் பிறந்தது என்பர். தன்ஜாவிலிருந்தும் ஃபாஸிலிருந்தும் சிறு சிறு குழுக்களாக உல்லாசப் பயணிகள் காலையில் புறப்பட்டு அங்கு செல்கின்றனர். நீலச் சுவர்களுக்கு முன்னால் நின்று படமெடுத்துக் கொண்டு மாலையில் திரும்பி விடுகின்றனர். "நாமும் ஒரு நாள் அங்கே போக வேண்டும்" என்று நாவுலயில் இருக்கும் எமது பிள்ளைகளும் ஆசைப்படுகின்றனர். ஆசைப்படுவதில் தவறில்லை. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் நிலையைக் கண்டு சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் ஏவுகின்றது. ஆனால் அந்த ஊரை யார் கட்டினார்கள், எதற்காக மலைக்குள் போய்க் கட்டினார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஆசைப்படுவது நல்லது. அந்தக் கதையின் மறுபாதி எமது வாசலிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீற்றர் தூரத்தில் கிடக்கின்றது.

ஷஃப்ஷாவனின் நீல நிறத்திற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. அங்கு வாழ்ந்த யூதர்கள் கொண்டுவந்த வழக்கம் என்பர் சிலர். நுளம்பை விரட்டுவதற்காக என்பர் வேறு சிலர். அந்த ஆராய்ச்சியை விட்டுவிடுவோம். ஊரின் வரலாறு வண்ணத்தில் இல்லை. அது போர்த்துக்கேயரின் கப்பல்களில் தொடங்குகின்றது. 1415ஆம் ஆண்டு அவர்கள் மொரோக்கோவின் ஸப்தா துறைமுகத்தைக் கைப்பற்றினர். 1458இல் அல்கஸ்ருஸ் ஸகீர் வீழ்ந்தது. 1471இல் அஸீலாவும் தன்ஜாவும் அடுத்தடுத்து அவர்கள் வசமாயின. கடலோரம் முழுவதும் கைநழுவிப் போய்க்கொண்டிருந்த அதே 1471ஆம் ஆண்டில், மௌலாய் அலீ இப்னு ராஷித் என்னும் தலைவர் கடலை விட்டு விலகி மலைக்குள் ஒரு கோட்டையை எழுப்பினார். அதுவே இன்று பயணிகள் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கும் கஸ்பா ஆகும்.

கோட்டையைச் சுற்றி ஊராக வளர்ந்தவர்கள் அகதிகள். அந்தலூசியாவில், அதாவது முஸ்லிம் ஸ்பெயினில், நகரங்கள் ஒவ்வொன்றாக வீழ, 1492இல் கர்னாதாவும் வீழ்ந்தது. முஸ்லிம்களும் யூதர்களும் நீரிணையைக் கடந்து வந்தனர். தாம் விட்டுவந்த வீடுகளைப் போலவே முற்றம் வைத்து, சிவப்பு ஓடு வேய்ந்து இங்கும் கட்டிக்கொண்டனர். அலீ இப்னு ராஷிதின் மகள் அஸ்ஸய்யிதா அல்ஹுர்ரா இந்த ஊரில் வளர்ந்தவர்; 1515 முதல் 1542 வரை தித்வான் நகரை ஆட்சி செய்து, போர்த்துக்கேயரையும் ஸ்பானியரையும் கடலிலே கலங்கடித்தவர். எமது பெண்பிள்ளைகளுக்கு இவரின் பெயரைக்கூட நாம் சொல்லிக் கொடுக்கவில்லையே என்பது இதை எழுதும்போது எனக்கு ஏற்படும் வருத்தம்.

இனி இலங்கைக்கு வருவோம். தன்ஜாவைப் பிடித்த அதே போர்த்துக்கேயர் 34 ஆண்டுகளின் பின்னர், 1505இல், கொழும்புக் கரையில் வந்திறங்கினர். முஸ்லிம்களின் வணிகக் கப்பல்களைத் தேடி மாலைதீவுப் பக்கம் வந்த லொரென்சோ டி அல்மேய்தாவின் கப்பல்களே இங்கு வந்து சேர்ந்தன. மொரோக்கோவில் தாம் போரிட்ட முஸ்லிம்களை எந்தப் பெயரால் அழைத்தார்களோ, அதே பெயரால்தான் இங்குள்ள முஸ்லிம்களையும் அழைத்தனர். வடமேற்கு ஆபிரிக்காவின் பழைய பெயராகிய மௌரித்தானியாவிலிருந்து வந்த 'மூர்' என்ற சொல் அது. தமிழில் எம்மைச் சோனகர் என்று எழுதும் பிறப்புச் சான்றிதழ், ஆங்கிலத்தில் அந்தப் போர்த்துக்கேயச் சொல்லையே இன்றும் சுமந்துகொண்டிருக்கின்றது. மொரோக்கோ எமக்குத் தூரத்து நாடு என்று எண்ணும் பிள்ளைகளிடம் அந்தக் காகிதத்தை ஒருமுறை எடுத்துக் காட்டுங்கள்.

1526ஆம் ஆண்டு, போர்த்துக்கேயரின் வற்புறுத்தலுக்கு இணங்கி, கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு முஸ்லிம் வணிகர்களைத் தன் துறைமுகங்களிலிருந்து வெளியேற்ற நேர்ந்தது. அதைவிடப் பெரிய அடி நூறு ஆண்டுகளின் பின்னர் விழுந்தது. அப்போது ஸ்பெயினும் போர்த்துக்கலும் ஒரே முடியின் கீழ் இருந்தன. ஸ்பெயினில் எஞ்சியிருந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை 1609 முதல் நாடுகடத்தியவர் மூன்றாம் பிலிப் மன்னர். அவருடைய மகன் நான்காம் பிலிப்பின் காலத்தில், 1626இல், இலங்கையில் போர்த்துக்கேய ஆட்சிக்குட்பட்ட கரையோரங்களிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். வலன்சியாவில் வீட்டைப் பூட்டிவிட்டு நடந்தவனும் கொழும்பில் கடையைப் பூட்டிவிட்டு நடந்தவனும் ஒரே அரச குடும்பத்தின் கட்டளைக்குப் பணிந்தே நடந்தார்கள்.

அவ்வாறு விரட்டப்பட்டோரைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டார். சுமார் 4000 பேரை அவர் தமது இராச்சியத்திற்கு உட்பட்ட மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினார் என்று எழுதி வைத்தவர் போர்த்துக்கேயப் பாதிரியாரான குவைரோஸ். முஸ்லிம்களைப் புகழ வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. ஆகவே இச்செய்தியை நாம் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். மலையகக் கிராமங்களிலும் முஸ்லிம் குடும்பங்கள் குடியேறி வேரூன்றின.

இங்கே ஷஃப்ஷாவனுக்கும் எமது கதைக்கும் உள்ள வேறுபாட்டை உற்று நோக்குங்கள். அங்கு கோட்டையைக் கட்டியவரும் முஸ்லிம். அடைக்கலம் தேடி வந்தோரில் பெரும்பாலானோரும் முஸ்லிம்கள். இங்கு கதவைத் திறந்தவர் ஒரு பௌத்த மன்னர். இந்த நாட்டு மக்களின் விருந்தோம்பலுக்கு அதற்கும் முந்திய சாட்சி ஒருவர் இருக்கின்றார். தன்ஜாவில் பிறந்த இப்னு பதூதா 1344இல் இலங்கைக்கு வந்து பாவாத மலையில் ஏறியவர். இந்த நாட்டு மக்கள் முஸ்லிம் பக்கீர்களை மதித்துத் தம் வீடுகளில் தங்கவைத்து உணவளிப்பதைக் கண்டு அவர் தமது பயண நூலில் பதிவு செய்தார்.

ஆயினும் அரசர்கள் வெறும் இரக்கத்தினால் இதைச் செய்தார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். மலை நாட்டில் உப்பு விளையாது. கரையைப் போர்த்துக்கேயரும் பின்னர் ஒல்லாந்தரும் பிடித்து வைத்திருந்தபோது, உப்பும் கருவாடும் துணியும் கணவாய்களினூடாக மேலே வர வேண்டும். பாக்கு கீழே போக வேண்டும். எதிரிப்படை ஏறிவரக் கூடாது என்பதற்காக வண்டிப் பாதை எதுவும் வெட்டப்படாத நாடு அது. ஆகவே முதுகில் பொதி கட்டிய மாடுகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒற்றையடிப் பாதையில் நடந்தன. தவளம் என்று இதனை அழைத்தனர். அந்தத் தவளத்தை நடத்தியோரில் முஸ்லிம்கள் முன்னணியில் நின்றனர். இதற்கென்றே அரசனின் கீழ் மடிகே பத்த என்னும் தனித் திணைக்களம் இயங்கியது; கலகெதரப் பக்கத்தில் மடிகே என்ற ஊர்ப் பெயர் இன்றும் வழங்குகின்றது. வைத்தியர்களாகவும் தூதுவர்களாகவும் முஸ்லிம்கள் அரண்மனைக்குப் பணியாற்றினர். விகாரைக் காணிகளில் குடியிருந்து அதற்குரிய கடமைகளைச் செய்தோரும் இருந்தனர். காணியும் கிடைத்தது, கடமையும் இருந்தது. தேவையும் நம்பிக்கையும் இரு பக்கத்திலும் இருந்ததனால்தான் அந்த உறவு நூற்றாண்டுகளாக நிலைத்தது என்பது எனது கருத்து.

பெற்றோர்களே! இதை வாசித்து முடித்ததும் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு வான் பிடியுங்கள். பெரிய பஸ் வேண்டாம். ஐம்பது பேர் போனால் பாட்டும் கூச்சலும்தான் மிஞ்சும். பத்துப் பேர் என்றால் கேள்வி கேட்பார்கள். சுபஹுத் தொழுகை முடிந்ததும் நாவுலயிலிருந்து தெற்கு நோக்கிப் புறப்படலாம்.

முதலில் நாலந்தை வரும். பல்லவ பாணியில் கல்லால் அமைந்த கெடிகே பிரதான வீதியிலிருந்து சற்று உள்ளே இருக்கின்றது. போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கவிருந்த அந்தக் கட்டிடத்தை 1970களில் கல் கல்லாகக் கழற்றி, உயரமான இடத்தில் மீண்டும் அடுக்கினார்கள். ஒரு சமுதாயம் தன் பழைமையைப் பாதுகாக்க எவ்வளவு பாடுபடுகின்றது என்பதைப் பிள்ளைகள் பார்க்கட்டும். கற்களின் மேல் ஏறி நின்று படமெடுக்க ஒருவரையும் அனுமதிக்காதீர்கள். பிறர் புனிதமாகக் கருதும் இடத்தில் நடந்துகொள்ளும் முறையை வகுப்பறையில் கற்பிப்பது கடினம். அடுத்து அலுவிகாரை, மாத்தளை நகர். மாத்தளையில் தேநீர் அருந்திவிட்டுச் சென்றால் அக்குறணையை ளுஹருக்கு முன்னரே அடைந்துவிடலாம்.

அக்குறணையில் அவசரப்படாதீர்கள். இரண்டாம் இராஜசிங்க மன்னனுக்கு உதவி செய்த அரபிகளுக்கு இங்கே காணி வழங்கப்பட்டதாகவும், அவர்கள் கண்டிப் பெண்களை மணந்து குடியேறியதாகவும் அவ்வூர் மரபு கூறுகின்றது. மரபை மரபாகவே சொல்லுங்கள். ஆனால் மலையக முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்கு 'கெதர' என்று முடியும் சிங்கள வீட்டுப் பெயர்கள் இருப்பது மரபுக் கதையல்ல. பழைய காணி உறுதிகளில் எழுதப்பட்டிருப்பது. பள்ளிவாசலில் ஒரு முதியவரைக் கண்டு, அவருடைய வீட்டுப் பெயரைப் பிள்ளைகள் மரியாதையாகக் கேட்கட்டும்.

அதே அக்குறணை வீதியில் வேறொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018 மார்ச் மாதத்தில் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை ஆகிய இடங்களில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன, எரிக்கப்பட்டன. நாட்டில் அவசரகாலச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1915 மே மாத இறுதியில், கண்டி நகரில் பள்ளிவாசலொன்றின் முன்னால் பெரஹர சென்றதையொட்டி மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் இலங்கை முஸ்லிம்களைப் பற்றி எழுதிய வரலாற்று நூலின் தலைப்பு ஆயிரம் ஆண்டு இன நல்லிணக்கத்தைச் சொல்கின்றது; அந்தத் தலைப்பிலேயே அவர் குறித்த ஆண்டுகள் 900 முதல் 1915 வரையாகும். ஏன் 1915இல் நிறுத்தினார் என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.

2018இல் நடந்த அக்கிரமத்திற்கு எந்த நியாயமும் கிடையாது. எனினும் அதற்கு முந்திய நாட்களில் நடந்ததையும் வான் ஓட்டும் வயதிலிருக்கும் எமது இளைஞர்கள் தெரிந்திருக்க வேண்டும். வீதியில் ஏற்பட்ட ஒரு தகராறில் எமது இளைஞர் சிலர் ஒரு சிங்கள லொறிச் சாரதியைத் தாக்கினர், அவர் உயிரிழந்தார். வெறுப்பை வளர்க்கக் காத்திருந்தோருக்கு அது போதுமானதாயிற்று. அந்த நாட்களில் முஸ்லிம் அயலவரைத் தம் வீட்டுக்குள் அழைத்துக் காப்பாற்றிய சிங்களக் குடும்பங்களும் இருந்தன. இவை யாவும் ஒரே வீதியின் வரலாறாகும். ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டால் பிள்ளைகள் ஒரு நாள் வேறொருவரிடம் மீதியைக் கேட்டறிந்து, எம்மை நம்பாமல் போவார்கள்.

பின்னர் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்தால் கண்டி. ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் அமைந்த இந்நகரமும் ஷஃப்ஷாவனும் உயரத்தில் ஒன்றுக்கொன்று அதிக வேறுபாடு இல்லாதவை. வாவியைச் சுற்றி நடக்கும்போது றொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயரைப் பற்றிச் சொல்லுங்கள். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த அவர், தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலில், கண்டி நகரில் முஸ்லிம்களுக்கு ஒரு பள்ளி இருந்ததையும், அதன் பராமரிப்புக்காக வீட்டுக்கு ஒரு பணம் வசூலிக்க முன்னைய அரசர்கள் அனுமதி வழங்கியிருந்ததையும் குறிப்பிடுகின்றார். பௌத்த மன்னனின் தலைநகரில், பௌத்தக் குடிமக்களின் பணத்தில் பராமரிக்கப்பட்ட ஒரு பள்ளிவாசல்! அதனை எழுதியவரோ முஸ்லிமும் அல்லர், பௌத்தரும் அல்லர்.

அஸரைக் கண்டியிலேயே தொழுதுகொள்ளுங்கள். மாலையில் அக்குறணை வீதியில் வாகன நெரிசல் கடுமையாக இருக்கும். மஃரிபுக்கு மாத்தளையை எட்டினாலே போதும் என்று எண்ணிப் புறப்படுங்கள். திரும்பும் வழியில் சாரதியிடம் பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு பிள்ளையிடமும் தன் பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊரிலிருந்து நாவுலப் பக்கம் வந்தார், என்ன தொழில் செய்தார் என்று கேளுங்கள். தெரியாது என்று சொல்லும் பிள்ளைக்கு, வீட்டு அலுமாரியில் இருக்கும் பழைய உறுதியை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வரும்போது எடுத்து வரும் வேலையைக் கொடுங்கள்.