திண்ணையில் வாசித்த ஆங்கில நவீனம்

ஆலிவர் கோல்ட்ஸ்மித் எழுதி 1766-இல் வெளிவந்த ‘விகார் ஆப் வேக்பீல்ட்’ என்னும் நவீனத்தில், பாதிரியாரின் மகன் மோசஸ் குதிரையை விற்றுவரச் சந்தைக்குச் சென்று, விற்ற பணத்தைக் கொடுத்துப் பன்னிரண்டு டஜன் பச்சை மூக்குக்கண்ணாடிகளை வாங்கிக்கொண்டு பெருமிதத்தோடு வீடு திரும்பும் கட்டத்தை, திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுத் திண்ணையில் என் பாட்டனார் வாசித்துக்காட்டியபோது, பாக்கு வெட்டிக்கொண்டிருந்த என் பாட்டியார் கையை நிறுத்திவிட்டு, “துண்டைப் போட்டு விரலைப் பிடிச்சு விலை பேசத் தெரியாத பிள்ளையைச் சந்தைக்கு அனுப்பினா இப்படித்தான் ஆகும், அனுப்பினவங்களைச் சொல்லணும்” என்றார்கள்.

ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாத அவர்கள் அன்று சொன்ன அபிப்பிராயத்தில், பிற்காலத்தில் நான் படித்த விமரிசனங்கள் பலவற்றில் காணாத உண்மை இருந்தது. ஏனெனில் மகனின் சாமர்த்தியத்தை நம்பி அனுப்பிய தாய் தந்தையரின் பேதைமையே அந்த அத்தியாயத்தின் உயிர்நிலை. வெள்ளிச் சட்டமென்று நம்பி வாங்கியவை மெருகிட்ட செம்பென்று கண்டுபிடித்து மகனை இகழ்ந்த குடும்பத்தின் தலைவரே, சிறிது காலத்துக்குள், தம் புலமையைப் புகழ்ந்த அதே வஞ்சகனிடம் தம் இன்னொரு குதிரையைப் பறிகொடுக்கிறார். “முன்னே சொன்னேனே” என்று பாட்டியார் அப்போது நினைவூட்டினார்கள்.

பாட்டனார் முன்சீப் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்லூரி நாளில் பாடத்துக்கென வாங்கிய பிரதி அது. விளக்கு வைத்தபின் அவர் ஒரு வாக்கியத்தை ஆங்கிலத்தில் உரக்க வாசிப்பார். நான் அதன் பொருளைத் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னது பாட்டியாருக்கு விளங்காவிட்டால் எனக்கு விளங்கவில்லை என்றே அவர் கொள்வார். கதை சொல்லுபவர் பாதிரியாரே ஆதலால், அவர் தம்மைப் பற்றிச் சொல்வதில் எவ்வளவு நம்பலாம், எந்த இடத்தில் அவரையும் அறியாமல் ஆசிரியர் நம்மைப் பார்த்துக் கண்சிமிட்டுகிறார் என்று கேட்டுக்கேட்டு நிறுத்துவார். ஓர் அத்தியாயத்துக்கு மூன்று மாலைகள் ஆனதும் உண்டு. பாட்டியாரின் அபிப்பிராயங்களைப் பென்சிலால் பக்கத்தின் ஓரத்தில் அவர் குறித்துவைப்பார். வழக்குக் கட்டுகளில் சாட்சியம் எழுதிப் பழகிய கை.

இத்தகைய வாசிப்பு எங்கள் குடும்பத்தில் மட்டும் தோன்றிய விசித்திரம் அன்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபின், ஆங்கில வசனத்துக்கு மாதிரியாகக் கோல்ட்ஸ்மித்தும் ஸ்காட்டும் மாணாக்கர் கைக்கு வந்தனர். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு இரும்புப்பாதை அமைந்தபின், இச்சீமைப் பிள்ளைகள் மதுரைக்கும் சென்னைக்கும் படிக்கச் செல்வது எளிதாயிற்று. பரீட்சைக்காக வந்த புத்தகம், பரீட்சை முடிந்தபின் வீட்டில் கதையாகத் தங்கியது. திண்டுக்கல்லின் சரித்திரத்தை எழுதுவோர் மலைக்கோட்டையையும் புகையிலையையும் பூட்டையும் விரிவாகச் சொல்லுகின்றனர்; இந்த வாசிப்பைச் சொல்லுவதில்லை. அது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது.

ஏனெனில் அந்த வாசிப்பின் மகத்தான பலன் இச்சீமையிலேயே விளைந்தது. திண்டுக்கல்லிலிருந்து கொடைக்கானல் செல்லும் வழியில், வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர்போன வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்து, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்ற பி. ஆர். ராஜமய்யர், இருபத்தோராம் பிராயத்தில், ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்னும் நவீனத்தை 1893-இல் தொடங்கி 1895 வரை தொடர்ந்து எழுதினார். வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இலேயே வெளிவந்துவிட்டதாயினும், நம் கிராமத்து வீட்டின் கூடத்தையும் அடுக்களையையும், அங்கே மனிதர் பேசும் பேச்சையும் உள்ளபடி கண்ட முதல் தமிழ் நவீனம் ராஜமய்யருடையதே என்பது என் துணிபு.

கோல்ட்ஸ்மித்தின் நிழல் அதில் படிந்திருப்பதை மறுப்பதற்கில்லை. மனநிறைவோடு வாழும் ஒரு குடும்பம், செல்வத்தின் அழிவு, பிள்ளையைப் பிரிதல், துன்பத்தின் எல்லையில் குடும்பம் மீண்டும் கூடுதல் ஆகிய போக்கு இரண்டிலும் ஒன்றே. ஆனால் ராஜமய்யர் எடுத்துக்கொண்டது கதைப்போக்கைக் காட்டிலும், வீட்டை உற்று நோக்கும் கண்ணை. சிறுகுளம் என்னும் மதுரை ஜில்லாக் கிராமம், ஜல்லிக்கட்டு, ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் தமிழ்ப் புலமை, ஊர்ப் பெண்களின் ‘வம்பர் மகாசபை’, பேயாண்டித் தேவன் ஆகியவற்றுள் ஒன்றையேனும் அவர் கடல் கடந்து இறக்குமதி செய்யவில்லை. ஆயினும் ஒரு மனிதரின் பலவீனத்தைக் கண்டு நகைத்துக்கொண்டே அவரிடம் அன்பு குன்றாதிருக்கும் பார்வை, வேக்பீல்ட் பாதிரியாரோடு பழகியவருக்கே கைவரக்கூடியது.

இதே வத்தலக்குண்டு, 1935 முதல் ‘மணிக்கொடி’யைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையாவையும், 1959-இல் ‘எழுத்து’ப் பத்திரிகையைத் தொடங்கிய சி. சு. செல்லப்பாவையும் நமக்குத் தந்தது. ஒரு படைப்பைச் சொல் சொல்லாகப் பிரித்து ஆராய்வதற்கு ‘அலசல் விமரிசனம்’ என்று பெயரிட்டு, அதற்காகவே வாழ்ந்தவர் செல்லப்பா. அவர் எழுதியவற்றைப் பின்னாளில் படித்தபோது, நடந்து பழகிய தெருவுக்குத் திரும்பி வந்தவன்போல் உணர்ந்தேன். திண்ணையில் பென்சிலோடு நடந்ததும் அதுவே அல்லவா?

வேக்பீல்டை முடித்த மறுநாளே பாட்டனார் கமலாம்பாளை எடுத்தார். அதில் மனைவிமீது எழுந்த அபவாதத்தால் மனங்கலங்கி முத்துஸ்வாமி அய்யர் வீட்டைத் துறந்துபோகும் கட்டத்தில், பாட்டியார் வெகுநேரம் மௌனமாக இருந்தார்கள். பிறகு, “அந்தப் பாதிரியார் வீட்டுலே மூத்த பொண்ணு ஓடிப்போன பிறகு பேச்சு வந்தது; இங்கே ஒண்ணுமே நடக்கல்லே, பேச்சே குடியைக் கெடுத்துடுத்து” என்றார்கள். ஒலிவியாவின் கதைக்கும் கமலாம்பாளின் கதைக்கும் உள்ள பேதத்தை இதைவிடச் செவ்வையாகச் சொன்ன கட்டுரையை நான் கண்டதில்லை. அந்த வாக்கியமும் ஓரத்தில் பென்சிலால் ஏறியது.

ராஜமய்யர் அப்பால் வேதாந்தத்தில் திளைத்து, 1896-இல் சென்னையில் தொடங்கிய ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராக உழைத்து, 1898 மே மாதத்தில், இருபத்தாறு வயதுகூட நிரம்பியும் நிரம்பாத பருவத்தில் மறைந்தார். தமிழில் அவர் முடித்துவைத்த நவீனம் இது ஒன்றே. இது இன்றும் அச்சில் கிடைக்கிறது. வாசகர்கள் இதைத் தனியே அமர்ந்து வாசித்து மூடிவிடாமல், வீட்டில் வயதில் மூத்தவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு, அவர் நிறுத்தச் சொல்லும் இடங்களில் நிறுத்தி, உரக்க வாசிக்குமாறு வேண்டிக்கொள்கிறேன். கையில் ஒரு பென்சிலும் இருக்கட்டும்.