ஆல்ப்ஸின் நான்காயிரம் மீட்டர் சிகரங்கள்

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் கடல்மட்டத்துக்கு மேல் 4,000 மீட்டரைத் தாண்டி நிற்கும் கொடுமுடிகளைத் தனி வகையாகக் கொள்வது புவியியலாளர்களிடமும் மலையேறுவோரிடமும் நெடுநாள் வழக்கம். பன்னாட்டு மலையேற்றச் சங்கங்களின் கூட்டமைப்பு 1994-இல் வெளியிட்ட பட்டியலின்படி இவை 82. ஒரு முகட்டில் பல முனைகள் இருக்கும்போது எதைத் தனிச் சிகரமாகக் கொள்வது என்பதற்கு அந்தப் பட்டியல் ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது: பக்கத்து உயரத்தோடு இணைக்கும் தாழ்வான இடத்திலிருந்து குறைந்தது 30 மீட்டராவது எழும்பியிருக்க வேண்டும். மலையின் தோற்றமும் ஏறுவோர் அதற்குத் தரும் மதிப்பும் சேர்த்தே எடைபோடப்பட்டன.

நான்காயிரம் என்பது மனிதர் வகுத்த கோடுதான். மீட்டர் அளவையே இல்லாதிருந்தால் இப்படியொரு பட்டியல் பிறந்திருக்காது. ஆனாலும் இந்த 82 சிகரங்களையும் வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் ஆல்ப்ஸின் உடலமைப்பே கண்ணுக்குப் புலப்படும். மத்தியதரைக் கடலோரத்தில் தொடங்கி வியன்னாவின் அருகே முடியும் இந்த மலைத்தொடர் வில்போல வளைந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் நீள்கிறது. பிரான்ஸ், மொனாக்கோ, இத்தாலி, சுவிட்சர்லாந்து, லீக்டன்ஸ்டைன், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவீனியா என எட்டு நாடுகளைத் தொடுகிறது. அதில் 82-இல் 69 சிகரங்கள் சுமார் நூறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரே பகுதியில் நெருங்கி நிற்கின்றன. வலே ஆல்ப்ஸில் 41, மோன் பிளாங் மலைத்திரளில் 28. பெர்ன் ஆல்ப்ஸில் 9. பிரான்சின் தோஃபினே பகுதியில் 2. கிரான் பாரதீசோவும் பெர்னினாவும் ஆளுக்கொன்று.

மேற்கும் கிழக்கும்

கான்ஸ்டன்ஸ் ஏரியிலிருந்து ரைன் பள்ளத்தாக்கு வழியாக ஷ்ப்ளூகன் கணவாயைக் கடந்து கோமோ ஏரிவரை ஒரு கோடு இழுத்தால், அது மேற்கு ஆல்ப்ஸையும் கிழக்கு ஆல்ப்ஸையும் பிரிக்கும். மேற்குப் பகுதி குறுகலானது, செங்குத்தானது, உயரமானது. கிழக்குப் பகுதி 250 கிலோமீட்டர்வரை அகன்று, உயரத்தில் தாழ்ந்துவிடுகிறது. நான்காயிரத்தை எட்டிய சிகரம் கிழக்கில் பிட்ஸ் பெர்னினா ஒன்றுதான்.

ஆப்பிரிக்காவோடு சேர்ந்த அட்ரியாட்டிக் நிலத்தட்டு வடக்கே நகர்ந்து ஐரோப்பியத் தட்டின்மேல் மோதியபோது, இரண்டுக்கும் நடுவே இருந்த தெத்திஸ் கடல் மூடிக்கொண்டது. கடலடிப் படிவுகளும் பழைய கண்டப் பாறைகளும் மடிந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி அமர்ந்து ஆல்ப்ஸாக எழுந்தன. அதனால் ஆல்ப்ஸில் பக்கத்துப் பக்கத்துச் சிகரங்கள்கூட வெவ்வேறு பிறப்புடையவை. மோன் பிளாங்கின் கருங்கல் சுமார் 30 கோடி ஆண்டுப் பழமையுடையது. மோதலுக்கு வெகுகாலம் முன்பே ஆழத்தில் இறுகிய பாறை அது. பின்னர் மேலே தள்ளப்பட்டது. வலேயில் 4,027 மீட்டர் உயரத்தில் நிற்கும் அலலின்ஹார்னில் ஒரு காலத்துக் கடல்தரையின் கப்ரோ பாறை கிடக்கிறது. மேட்டர்ஹார்னின் அடிப்பகுதியில் அதே பழங்கடலின் எச்சங்கள் உள்ளன. கூர்த்த உச்சிப் பகுதியோ தெற்கிலிருந்து வந்த தட்டின் நைஸ் பாறை. பட்டியலை உயர வரிசையில் மட்டும் படிப்பவருக்கு இந்த வேறுபாடு தெரியாமலே போய்விடும். ஆல்ப்ஸை அறிய விரும்புவோர் எண்ணுக்கு முன் பாறையைப் பார்க்க வேண்டும்.

மோன் பிளாங்

ஆல்ப்ஸில் எல்லாவற்றையும்விட உயர்ந்தது பிரான்ஸ்–இத்தாலி எல்லையிலுள்ள மோன் பிளாங். பொதுவாக 4,808 மீட்டர் என்று சொல்வார்கள். அதன் உச்சி பாறையன்று, பனிக்கவிகை; பாறையின் உச்சி சுமார் 4,792 மீட்டரில் அடியில் புதைந்திருக்கிறது. காற்றும் பனிப்பொழிவும் அந்தக் கவிகையைக் கூட்டியும் குறைத்தும் மாற்றுவதால், 2001 முதல் நில அளவையர்கள் இரண்டு ஆண்டுக்கொருமுறை மேலேறி அளக்கிறார்கள். 2007-இல் 4,810.90 மீட்டர், 2023-இல் 4,805.59 மீட்டர். பதினாறு ஆண்டில் ஐந்து மீட்டருக்கு மேல் வேறுபாடு. ஆனால் இதை மலை தேய்ந்ததன் அடையாளமாகப் படிப்பது தவறு. உச்சிப் பனியின் தடிப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இதில் பெரும்பங்கு.

வடக்கே ஷாமொனி ஊர் ஆயிரத்துச் சொச்சம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊரிலிருந்து நிமிர்ந்து பார்ப்பவர் கண்முன் மூன்றே முக்கால் கிலோமீட்டர் உயரத்துக்கு மலை எழுகிறது. அந்தப் பக்கம் பனியாறுகள் படிப்படியாக இறங்குகின்றன. தெற்கே கூர்மாயர் பக்கம் பாறைச் சுவர்கள் சட்டென்று செங்குத்தாக விழுகின்றன. ஜெனீவா அறிஞர் ஓராஸ் பெனடிக்ட் தெ சோசூர் 1760-இல் உச்சிக்கு வழி காண்பவருக்குப் பரிசு அறிவித்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1786 ஆகஸ்ட் 8 அன்று, ஷாமொனியைச் சேர்ந்த படிகம் தேடுபவர் ஜாக் பால்மாவும் மருத்துவர் மிஷேல் கப்ரியேல் பக்கார்டும் ஏறினர். மறு ஆண்டு சோசூரே ஏறி, காற்றழுத்தமானியை வைத்து உயரத்தைக் கணக்கிட முயன்றார். 1808-இல் ஷாமொனியின் மரி பரதீ உச்சியைத் தொட்ட முதல் பெண் ஆனார். அறிவியல் ஆர்வமும் மலையேற்றமும் கைகோத்துத் தொடங்கிய இடம் இது.

வலே: உயரங்களின் நெருக்கம்

ஆல்ப்ஸின் உயரமான சிகரங்களில் பாதி வலே ஆல்ப்ஸில் இருக்கின்றன; இந்தக் கட்டுரையில் இதற்கே கூடுதல் இடம் தருவது நியாயம். ரோன் ஆற்றின் தென்கரையிலிருந்து இத்தாலி எல்லைவரை வடக்கு தெற்காக நீளமான பள்ளத்தாக்குகள், அவற்றுக்கிடையே கூரிய முகடுகள். இரண்டு பள்ளத்தாக்குகளுக்கு நடுவே நிற்கிறது டோம், 4,545 மீட்டர். முழுவதும் சுவிட்சர்லாந்துக்குள் அடங்கும் மலைகளில் இதுதான் உயரமானது. அதன் அடியிலுள்ள ராண்டா ஊரிலிருந்து உச்சிவரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஏற்றம்.

மான்ட்டே ரோசா ஒரு சிகரம் அல்ல, ஒரு திரள். அதன் உயரமான முனை டூஃபூர்ஷ்பிட்ஸ, 4,634 மீட்டர், 1855-இல் ஏறப்பட்டது. சுவிஸ் அரசு 1863-இல் படைத்தளபதியும் நிலப்பட வல்லுநருமான கியோம் ஆன்றி டூஃபூரின் பெயரை அதற்குச் சூட்டியது. கிழக்கே மாகுன்யாகா பக்கம் ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரச் சுவராக நிற்கிறது இந்த மலை. திரளின் இன்னொரு முனையான 4,554 மீட்டர் உயர நிஃபெத்தி முனையில், அரசி மார்கெரிட்டாவின் பெயரால் 1893-இல் திறக்கப்பட்ட குடில் இருக்கிறது. ஐரோப்பாவிலேயே உயரமான கட்டடம் இதுதான். காற்று மெலிந்த உயரத்தில் மனித உடல் எப்படி மூச்சுவிடுகிறது என்று இத்தாலிய உடலியலாளர் அஞ்செலோ மோசோ ஆராய்ந்ததும் இங்கேதான். இந்த முனையை முதலில் எட்டியவர்களுள் அலான்யா ஊரின் பங்குத்தந்தை ஜொவான்னி நிஃபெத்தி ஒருவர், ஆண்டு 1842.

மேட்டர்ஹார்ன் 4,478 மீட்டர். உயரத்தில் அதற்கு முன்னே பல சிகரங்கள் உண்டு. தோற்றத்தில் அதற்கு நிகரில்லை. நான்கு திசையிலும் பனியாறுகள் அரித்துக் குடைந்ததால் நான்கு முகமும் நான்கு விளிம்புமாக அது தனித்து நிற்கிறது. 1865 ஜூலை 14 அன்று எட்வர்ட் விம்பரும் ஆறு துணைவரும் செர்மாட் பக்கத்திலிருந்து உச்சியை எட்டினர். இறங்கும்போது ஒருவர் சறுக்கினார். கயிறு அறுந்து நால்வர் வடக்குச் சுவரில் விழுந்து இறந்தனர். விம்பரும், தவுக்வால்டர் குடும்பத்தின் தந்தையும் மகனும் பிழைத்தனர். ஆறு ஆண்டு கழித்து லூசி வாக்கர் அங்கு ஏறிய முதல் பெண் ஆனார்.

இந்தப் பனி உலகின் காலடியிலேயே சுவிட்சர்லாந்தின் வறண்ட ஊர்கள் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். இருபுறமும் உயர்ந்த மலைகள் மழைமேகத்தைத் தடுத்துவிடுவதால் ரோன் பள்ளத்தாக்கின் நடுப்பகுதி மழைமறைவில் கிடக்கிறது. அதனால் அங்குள்ள உழவர்கள் பனியாறு உருகிய நீரை மலைச்சரிவு நெடுகிலும் வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்தார்கள். மண் இல்லாத செங்குத்துப் பாறையில் மரத்தொட்டிகளைக் கட்டித் தொங்கவிட்டு அவற்றின் வழியாகத் தண்ணீரை ஓடவிட்டார்கள். விஸ்பர்டெர்மினனில் ஆயிரம் மீட்டருக்கு மேலும் திராட்சைத் தோட்டங்கள் நிற்பதற்கு வெயிலோடு இந்த வாய்க்கால் நீரும் காரணம்.

பெர்ன் ஆல்ப்ஸ்

ரோனுக்கு வடக்கே உள்ள ஒன்பது சிகரங்களில் உயரமானது ஃபின்ஸ்டராஹார்ன், 4,274 மீட்டர். அதன் கிழக்குப் பக்கப் பனி உருகி ஆரே ஆற்றில் சேர்ந்து, ரைன் வழியாக வடகடலுக்குப் போகிறது. மேற்குப் பக்கத்து நீர் ரோன் வழியாக மத்தியதரைக் கடலை அடைகிறது. 1829-இல் நிலவியலாளர் ஃபிரான்ஸ் யோசஃப் ஹூகியின் குழுவிலிருந்த வழிகாட்டிகள் யாக்கோப் லாய்ட்ஹோல்டும் யோகன்னஸ் வேரனும் உச்சிக்குப் போய்வந்தனர். ஹூகி உச்சிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டார். அருகிலுள்ள உன்டரார் பனியாற்றின்மேல் 1840-களில் லூயி அகாஸி தங்கி, பனி நகரும் விதத்தை ஆராய்ந்தார்.

4,158 மீட்டர் யுங்ஃப்ராவை ஆராவ் நகரின் மையர் சகோதரர்கள் 1811-இல் ஏறினர். இதற்கும் மோன்ஷ் சிகரத்துக்கும் இடையிலுள்ள கணவாய்க்கு, ஐகர், மோன்ஷ் இரண்டையும் குடைந்து 1912-இல் ரயில் போட்டார்கள். நிலையம் 3,454 மீட்டரில் உள்ளது. அங்கிருந்து தெற்கே இறங்குவது அலெட்ச், ஆல்ப்ஸின் மிகப் பெரிய பனியாறு, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளம். கிளைகள் கூடும் கொன்கோர்டியா தளத்தில் பனி சுமார் 800 மீட்டர் ஆழம். அந்தத் தளத்தின் ஓரப் பாறைமேல் 1877-இல் குடில் கட்டியபோது பனி அதற்கு 50 மீட்டர் கீழே இருந்தது. இன்று பாறையில் பொருத்திய இரும்புப் படிகளில் நூறு மீட்டருக்கு மேல் ஏறித்தான் குடிலை அடைய முடியும். பனி தாழத் தாழ அடியில் புதுப் படிகள் சேர்க்க வேண்டியிருக்கிறது.

தனித்து நிற்பவை

தென்கோடியில் பார் தெசெக்ரான், 4,102 மீட்டர். மோன் பிளாங் அமைந்த சவோய் 1860-இல் பிரான்சோடு சேரும்வரை பிரான்சின் உயரமான சிகரம் இதுவே. முழுவதும் இத்தாலிக்குள் அடங்கும் ஒரே நான்காயிரம் மீட்டர் மலை கிரான் பாரதீசோ, 4,061 மீட்டர். ஐபெக்ஸ் மலையாடு ஆல்ப்ஸ் முழுவதிலும் வேட்டையில் அழிந்தபோது இங்குள்ள அரச வேட்டைக்காட்டில் மட்டும் தப்பியது; அக்காடு 1922-இல் இத்தாலியின் முதல் தேசியப் பூங்கா ஆயிற்று. கிழக்கே பிட்ஸ் பெர்னினா, 4,049 மீட்டர். 1850-இல் நில அளவைப் பணியிலிருந்த யோஹான் கோவாஸ் ஏறினார்.

கோட்டுக்குக் கீழே நின்றாலும் புகழில் குறையாதவை உண்டு: 1,800 மீட்டர் வடக்குச் சுவருடைய ஐகர் 3,967 மீட்டர், ஆஸ்திரியாவின் உயரமான கிராஸ்குளோக்னர் 3,798, ஸ்லோவீனியாவின் திரிக்லாவ் 2,864, ஜெர்மனியின் சுக்ஷ்பிட்ஸ 2,962.

உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது

சுவிட்சர்லாந்துக்குக் கடல் கிடையாது. அதன் எல்லா உயரங்களும் ஜெனீவா துறைமுகத்து நீரிலிருந்து தலைகாட்டும் நித்தோன் பாறை ஒன்றிலிருந்து கணக்கிடப்படுகின்றன. பனியூழியில் பனியாறு சுமந்துவந்து விட்டுப்போன பாறை அது. டூஃபூர் தமது நிலப்படத்துக்கு அந்தப் பாறையின் உயரத்தை 376.86 மீட்டர் என்று கொண்டார். மார்செய் கடல்மட்டத்தோடு மீண்டும் ஒப்பிட்டு, 1902-இல் அது 373.6 என்று திருத்தப்பட்டது. அந்த ஒரு திருத்தத்தால் நாட்டின் மலைகள் யாவும் காகிதத்தில் 3.26 மீட்டர் தாழ்ந்தன. மாறாக, பழைய படங்களில் 4,099 என்றிருந்த மோன்ஷ் பின்னைய அளவையில் 4,107 ஆக உயர்ந்தது. ஆகவே இங்கே தரப்பட்டுள்ள எண்களிலும் ஓரிரு மீட்டர் வேறுபாடு வெவ்வேறு படங்களில் காணப்படும்.

எல்லைக்கோடும் இப்படியே. மேட்டர்ஹார்னுக்குக் கிழக்கே இத்தாலி–சுவிஸ் எல்லை பனிமுகட்டின் நீர்ப்பிரிவை ஒட்டிச் செல்கிறது. பனி உருகியதும் நீர்ப்பிரிவு நகர்ந்தது. இத்தாலியர்கள் கட்டிய குடிலொன்று பாதி சுவிஸ் பக்கம் வந்துவிட்டது. எல்லையைத் திருத்த இரு நாடுகளும் 2023-இல் ஒப்புக்கொண்டன. சுவிஸ் அரசு 2024-இல் ஒப்புதல் அளித்தது.

உருகும் உயரங்கள்

இந்தச் சிகரங்களின் பாறைப் பிளவுகளை ஆண்டு முழுதும் உறைந்த பனிதான் இறுக்கிப் பிடித்திருக்கிறது. 2003-ஆம் ஆண்டுக் கோடையில் அந்தப் பிடி தளர்ந்து மேட்டர்ஹார்னின் ஹார்ன்லி விளிம்பில் பாறை சரிந்தது. ஏறியிருந்தவர்களை வானூர்தியில் மீட்டார்கள். 2022 ஜூலை 3 அன்று டோலமைட் மலைகளில் மார்மொலாடா பனியாறு உடைந்து 11 பேர் இறந்தனர். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டில் சுவிஸ் பனியாறுகள் தம் கனஅளவில் பத்திலொரு பங்கை இழந்தன. இது நிலவியல் வேகமன்று, மனிதர் வெளியிட்ட பசுங்குடில் வாயுக்களின் வேகம். இதைப் பற்றித் தயங்கிப் பேச இடமில்லை.

2025 மே 28 அன்று சுவிட்சர்லாந்தின் லோட்சன் பள்ளத்தாக்கில் பாறை விழுந்து விழுந்து பாரமேறியிருந்த பிர்ச் பனியாறு பெயர்ந்து, பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. லோன்சா ஆறு அடைபட்டு வீடுகள் நீரில் மூழ்கின. மலைச்சரிவு நகர்வதைக் கருவிகளால் கண்காணித்து, ஒன்பது நாள் முன்னதாகவே ஏறத்தாழ 300 பேரையும் கால்நடைகளையும் வெளியேற்றியிருந்தார்கள். ஊருக்கு வெளியே இருந்த ஒருவர் மட்டும் இறந்தார்.