வயதான பெற்றோருக்கு வீட்டில் துணை தேவை: எப்படித் தெரிந்துகொள்வது?

"நல்லாத்தான் இருக்கேன்யா, நீ வேலையைப் பாரு." சுங்கை சிப்புட்டிலோ பீடோரிலோ தனியாக இருக்கும் அம்மாவை அழைத்தால், கிள்ளானிலும் ஜொகூர் பாருவிலும் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் இதுதான். அதை நம்பியே மாதங்கள் ஓடிவிடுகின்றன. பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டு, அம்மா குளியலறையில் விழுந்து கிடந்தார் என்கிறார்.

விழுவதற்கு முன்பே பல அறிகுறிகள் தெரிந்திருக்கும். கேட்டால் சொல்ல மாட்டார்கள். நாம்தான் பார்க்க வேண்டும்.

மலேசியாவில் 60 வயதைத் தொட்டவர் மூத்த குடிமகன். ஆனால் துணை தேவையா என்பதை வயது முடிவு செய்வதில்லை. 82 வயதிலும் கீரை பறித்துப் பசாருக்குக் கொண்டுபோகும் பாட்டிகள் இருக்கிறார்கள். 63 வயதில் பக்கவாதம் வந்து சட்டைப் பொத்தான் போட முடியாதவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள் பார்ப்பது ஆறு அன்றாட வேலைகளை: குளிப்பது, உடுத்துவது, கழிவறைக்குப் போய் வருவது, படுக்கையிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீரையும் மலத்தையும் அடக்குவது, தானே சாப்பிடுவது.

இவற்றில் முதலில் கைவிட்டுப் போவது பெரும்பாலும் குளியல். கடைசியில் போவது சாப்பாடு. ஆகவே "அப்பா நல்லா சாப்பிடுறாரே" என்பது அவர் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறார் என்பதற்குச் சான்றாகாது.

குளியல் ஏன் முதலில் போகிறது? ஈரத் தரையில் நிற்க வேண்டும், குனிந்து தண்ணீர் மொள்ள வேண்டும், கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும், ஒற்றைக் காலில் நின்று பாதம் கழுவ வேண்டும். பழைய தோட்ட வீடுகளில் குளியலறை பின்புறம், ஒரு படி இறங்கிப் போக வேண்டும். கழிவறையோ குந்தி உட்காருவது. ஒருமுறை வழுக்கியவருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். பயம் என்று சொல்ல மாட்டார், "சளி பிடிச்சிருக்கு, நாளைக்குக் குளிக்கிறேன்" என்பார். துண்டு காய்ந்தே கிடக்கிறதா, மூன்று நாளாக ஒரே கைலியா, தினமும் தலை வாரிப் பின்னிய அம்மா இப்போது வெறுமனே முடிந்துகொள்கிறாரா என்று கவனியுங்கள்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். ஓர் இரவு தங்குங்கள். இரவில் எத்தனை முறை எழுந்து கழிவறைக்குப் போகிறார், சுவரையும் மேசையையும் பிடித்துத்தான் நடக்கிறாரா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். அடுப்படியில் அடிப்பிடித்துக் கருகிய சட்டி, பெட்டியில் பழுதான குழம்பு, பிரிக்காமல் கிடக்கும் தண்ணீர், மின்சார பில்கள், சாமி மேடையில் பல நாள் ஏற்றாத விளக்கு ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு செய்தி. விளக்கை ஏற்றிவிட்டு மறந்துபோவது இன்னும் ஆபத்து.

மருந்துப் பொட்டலங்களை எண்ணிப் பாருங்கள். கிளினிக்கில் மருந்து வாங்கிய தேதியையும் மீதமுள்ள மாத்திரைகளையும் ஒப்பிட்டால் கணக்கு சரியாக வர வேண்டும். மிஞ்சினால் மறக்கிறார், முன்பே தீர்ந்தால் இருமுறை போடுகிறார். நம் மக்களிடையே நீரிழிவு அதிகம் என்பதால் இது சாதாரண விஷயமல்ல. இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் படுத்தால், சர்க்கரை இறங்கி மயங்கி விழும் அபாயம் உண்டு.

எடையும் பேசும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், முயற்சி செய்யாமலே உடல் எடையில் 5 விழுக்காடு குறைந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ. நிறுவை இல்லாவிட்டால் தளர்ந்த வளையலும் தொளதொளத்த ரவிக்கையுமே காட்டிக்கொடுக்கும்.

நடையைச் சோதிக்க எளிய வழி உண்டு. நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் வழக்கம்போல் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். 12 விநாடிக்கு மேல் எடுத்தால் விழும் அபாயம் இருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. மேலே சொன்னவை மெல்ல மெல்ல வருபவை. நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிச் சொன்னால், பகலை இரவென்றால், அதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடலில் நீர் வற்றுதல், புதிய மருந்து என இதற்குக் குணப்படுத்தக்கூடிய காரணங்கள் பல உண்டு. முகம் கோணினாலோ ஒரு கை விழுந்தாலோ பேச்சு குழறினாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 999-ஐ அழையுங்கள்.

இன்னொருவரையும் கவனிக்க வேண்டும். பல குடும்பங்களில் பெரியவரோடு இருப்பது ஒரு மகளோ மருமகளோதான். மற்றவர்கள் மாதம் 200 வெள்ளி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்றிருப்பார்கள். அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் இல்லை, இடுப்பு வலி, எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்றால், வெளித்துணை தேவைப்படும் காலம் வந்துவிட்டது. பெரியவர் இன்னும் நன்றாக நடமாடினாலும்கூட.

துணை என்றதும் முழுநேரப் பணிப்பெண் என்று நினைத்துப் பயப்பட வேண்டியதில்லை. வாரம் மூன்று நாள் காலையில் இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து குளிப்பாட்டி, மருந்தை எடுத்து வைத்தாலே பலருக்குப் போதும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் படுக்கை நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் சேவை சில அரசாங்கச் சுகாதார கிளினிக்குகளில் உண்டு. வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். வருமானமும் ஆதரவும் இல்லாத முதியவர்களுக்கும், படுத்த படுக்கையானவரைப் பராமரிக்கும் ஏழைக் குடும்பங்களுக்கும் சமூகநல இலாகா மாத உதவித்தொகை தருகிறது. மாவட்ட அலுவலகத்தில் மனுச் செய்யலாம். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 15999 என்ற தாலியான் காசே எண்ணில் கேட்கலாம். பெற்றோரின் மருத்துவம், பராமரிப்புச் செலவுக்கு ஆண்டுக்கு 8,000 ரிங்கிட் வரை வருமான வரி விலக்கும் உண்டு. மருத்துவர் சான்றும் ரசீதுகளும் வேண்டும்; நீங்களே பார்த்துக்கொள்வதைச் செலவாகக் காட்ட முடியாது.

பெரியவர்கள் மறுப்பார்கள். "வேற்று ஆள் என்னைத் தொட்டுக் குளிப்பாட்டுறதா?" என்பது வெறும் பிடிவாதமல்ல, மானப் பிரச்சினை. அப்பாவுக்கு ஆண் உதவியாளரைப் பாருங்கள். வருபவர் முதல் வாரம் வீடு கூட்டட்டும், சமைக்கட்டும், பேச்சுத்துணையாக இருக்கட்டும். முகம் பழகிய பிறகு குளியலுக்கு வரலாம். அதுவரை குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தி, உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வீட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.