கண்வில்லை பொருத்தல்: பலனும் சிக்கலும்

கண்புரையால் மங்கிய இயற்கை வில்லையை எடுத்துவிட்டு, அது இருந்த உறைக்குள்ளேயே செயற்கை வில்லையை வைக்கும் சத்திரசிகிச்சையே கண்வில்லை பொருத்தல். 1949 நவம்பர் 29 அன்று லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் ஹரோல்ட் ரிட்லி இதை முதன்முதலில் செய்தார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த பெர்ஸ்பெக்ஸ் சிதறல்கள் அழற்சி இல்லாமல் கிடந்ததைக் கண்டு அதே பொருளைத் தேர்ந்தார். பொருள் பொருந்தியது, வில்லையின் வலுதான் மிகுந்துபோய், நோயாளிக்குக் கடும் குறும்பார்வை ஏற்பட்டது. இன்று விழியின் நீளத்தையும் கருவிழியின் வளைவையும் அளந்த பிறகே வலு முடிவாகிறது. ஆயினும் அளவு பிசகுவது முற்றாக ஒழியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு அளவுகோலில் 6/18 அல்லது அதைவிடத் தெளிவான பார்வையே நல்ல பலன். 6/60க்கும் கீழான பார்வை நூற்றுக்கு ஐவருக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். விழித்திரையை நீரிழிவோ பார்வை நரம்பைக் குளுக்கோமாவோ ஏற்கெனவே கெடுத்திருந்தால், எந்த வில்லையும் அதை ஈடுசெய்யாது.

அரிதாயினும் அஞ்சவேண்டியது கண்ணின் உட்தொற்று. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட அரவிந்த் கண் மருத்துவமனைகளில் 20 இலட்சம் சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2019இல் வெளியான முடிவு இதில் முக்கியமானது: சிகிச்சை முடிவில் கண்ணுக்குள் மொக்சிஃபுளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைச் செலுத்தியபோது தொற்று 0.07 வீதத்திலிருந்து 0.02 வீதமாகக் குறைந்தது. சத்திரசிகிச்சைக்கூடம் சுத்தமாக இருந்தால் மட்டும் போதாது. 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரை அகற்றிக்கொண்ட பலரின் பார்வை பாதிக்கப்பட்டது. இந்தியாவிலிருந்து வந்த பிரெட்னிசொலோன் சொட்டு மருந்தே காரணமாகச் சுட்டப்பட்டது. சிகிச்சைக்குப் பின் வலி, சிவப்பு, பார்வை மங்கல் கண்டால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மன்னார்த் தீவின் தாராபுரம் போன்ற கிராமங்களில் இருப்போர் அடுத்த கிளினிக் நாள்வரை பொறுத்திருப்பது ஆபத்து.

சிகிச்சையின்போது உறை கிழிந்தால் வில்லையை வழக்கமான இடத்தில் வைக்க முடியாமற் போகலாம்; தொற்று அபாயமும் பல மடங்காகும். உறையைத் தாங்கும் இழைகள் தளர்ந்தால் வில்லை ஆண்டுகள் கழித்தும் இடம்பெயரும். சில வாரங்களில் விழித்திரையின் நடுப்பகுதி வீங்குவதும் உண்டு. அது பெரும்பாலும் சொட்டு மருந்திலேயே வடியும்.

பரவலாகக் காணப்படுவது பின்னுறை மங்கல். "வெள்ளை திரும்ப வளர்ந்துவிட்டது" என்று பலர் நினைப்பது இதைத்தான். உண்மையில் புரை மீண்டும் வருவதில்லை. உறையில் எஞ்சிய உயிரணுக்கள் பரவி ஒளியை மறைக்கின்றன. யாக் லேசரால் உறையின் நடுவில் சிறு துளையிட்டால் பார்வை தெளியும். சில நிமிட வேலை, தையல் இல்லை. கடும் குறும்பார்வை உள்ளவர்களுக்கு அதன்பின் விழித்திரை விலகும் அபாயம் சற்றுக் கூடுதல் என்பதால், மின்னல்போல் ஒளி தெறித்தாலோ கரும்புள்ளிகள் திடீரெனப் பெருகினாலோ விழித்திரையை உடனே சோதிப்பார்கள்.