செக் மொழி வழியே மீண்ட ஒரு மலைநாட்டுப் படம்

மௌனப்படம் என்னும் பெயர் மொழியியலாரைச் சற்றே ஏமாற்றுவது. அப்படங்களில் பேச்சொலி இல்லையே தவிர மொழி உண்டு. காட்சிகளுக்கிடையே எழுத்து அட்டைகளாக வரும் இடைத்தலைப்புகளே அது. அவற்றை வெட்டி வேற்றுமொழி அட்டைகளை ஒட்டினால் படம் எந்நாட்டுக்கும் செல்லும். இவ்வெளிமை எதை இழக்கச் செய்யும் என்பதற்கு 'ஸ்டார்க் லவ்' (1927) தக்க சான்று.

கார்ல் பிரௌன் இயக்கிய இப்படத்தைப் பாரமௌண்ட் நிறுவனம் வெளியிட்டது. வட கரோலினா மாநிலத்தின் கிரகாம் வட்டார மலைகளில், பெரும்பாலும் தொழில்முறை நடிகரல்லாதோரைக் கொண்டு எடுக்கப்பட்டது. எழுத்தறிந்த இளைஞன் ராப், தன் படிப்புக்கென வைத்திருந்த வாய்ப்பை அண்டைவீட்டுப் பெண் பார்பரா ஆலனுக்கு விட்டுக்கொடுக்கிறான். ஊர் திரும்பினால் தாய் இறந்திருக்கிறாள். தந்தையோ அப்பெண்ணையே மனைவியாக்கிக்கொள்ள முனைந்திருக்கிறார். கதையின் உயிர்நிலை எழுத்தறிவு. அப்படத்தின் எழுத்துகளே பின்னர் மறைந்தன.

நெடுங்காலம் அழிந்ததாகக் கருதப்பட்ட இப்படத்தின் படி ஒன்றைத் திரைப்பட வரலாற்றாசிரியர் கெவின் பிரௌன்லோ 1960களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியக் காப்பகத்தில் கண்டறிந்தார். அதன் தலைப்புகள் செக் மொழியில் இருந்தன. அவற்றிலிருந்தே ஆங்கிலத்துக்கு மீண்டும் பெயர்க்க நேர்ந்தது. 2009இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இப்படம் இடம்பெற்றது.

பெயர்த்ததை மீளப் பெயர்க்கையில் கதைப்பொருள் பெரும்பாலும் தப்பிவிடும், வட்டாரவழக்கு தப்புவதில்லை. அப்பலாச்சிய மலைப்பேச்சில் 'இட்' என்பது 'ஹிட்' என ஒலிக்கும். வினையெச்சத்தின் முன் 'அ' என்னும் ஒட்டுச் சேரும். ஹோரஸ் கெப்பார்ட் 1913இல் வெளியிட்ட தம் நூலில் இப்பேச்சுக்குத் தனி இயலே ஒதுக்கினார். 'ஹிட்' என்பதன் வட்டாரச் சாயலைச் செக்கில் கொண்டுவர வழியில்லை. எனவே மீட்கவும் வழியில்லை. மீள்பெயர்ப்பாளர் அவ்வழக்கைத் தாமே புனையலாம், அல்லது பொதுமொழியில் நின்றுவிடலாம். பின்னதே நேர்மையானது என்பேன்.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு. செக்கில் 'தி', 'வி' என முன்னிலை இரண்டு, நம் 'நீ', 'நீங்கள்' போல. ஆங்கிலத்தில் 'யூ' ஒன்றே. இறுதியில் கோடரியை ஓங்கிக் கிழவரைத் தடுக்கும் பார்பரா, அவரை எந்தச் சொல்லால் விளிப்பாள்? மூலத்தில் எழாத இவ்வினாவுக்குச் செக் பெயர்ப்பாளர் விடை சொல்லியே ஆகவேண்டும். அவ்விடையை மீண்ட ஆங்கிலம் அழித்துவிடும்.